லக்கி லூசியானோ ஒன்றும் சி.இ.ஓ. அல்ல

நம் வகுப்பில் செமினார் வாரம் வந்தால் தலைப்புக்குப் பஞ்சம் வந்துவிடுகிறது. டாட்டா, அம்பானி, ஸ்டீவ் ஜாப்ஸ் எல்லாம் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் கறுப்புப் பின்னணியில் மார்லன் பிராண்டோ படம் போட்ட ஸ்லைடோடு மேடையேறி, "மாஃபியா கற்றுத்தரும் மேலாண்மைப் பாடங்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார். அதில் தவறாமல் வரும் பெயர் லக்கி லூசியானோ. சிசிலியிலிருந்து சிறுவனாக நியூயார்க் வந்த ஏழை. மதுவிலக்கை வாய்ப்பாக மாற்றிய தொழில்முனைவோர். அடித்துக்கொண்டு செத்த கும்பல்களை ஒரே மேஜையில் உட்காரவைத்து 'கமிஷன்' என்று இயக்குநர் குழு அமைத்த தீர்க்கதரிசி. கடைசி ஸ்லைடில் ஐந்து பாடங்கள், கைதட்டல், டீ பிரேக்.

நம் ஆட்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 1998-இல் டைம் பத்திரிகை இருபதாம் நூற்றாண்டின் தொழில் மேதைகள் என்று இருபது பேரைப் பட்டியல் போட்டது. ஹென்றி ஃபோர்டு, வால்ட் டிஸ்னி, அகியோ மொரிட்டா, பில் கேட்ஸ், சாம் வால்டன்... இவர்களோடு லக்கி லூசியானோ! அமெரிக்கப் பத்திரிகையே சர்டிஃபிகேட் கொடுத்த பிறகு நாம் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். இந்த ஆள் எதையும் கட்டி எழுப்பவில்லை என்பதுதான் என் கட்சி. ஒரு முட்டாள்தனமான சட்டம் பதினான்கு வருடம் லாட்டரி மாதிரி பணத்தைக் கொட்டியது. அது நின்றதும் தன்னைப் போலவே பிழைக்க வந்த ஏழைகளிடமும், அவர்களைவிடக் கீழே கிடந்த பெண்களிடமும் மாமூல் வசூலித்தார். இதற்குப் பெயர் மேலாண்மை என்றால் பஸ் ஸ்டாண்டு ரவுடிக்கும் ஒரு எம்.பி.ஏ. பட்டம் கொடுத்துவிடலாம்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். இயற்பெயர் சால்வத்தோரே லூக்கானியா. 1897 நவம்பரில் சிசிலியின் லெர்க்காரா ஃப்ரிட்டி என்ற ஊரில் பிறந்தார். கந்தகச் சுரங்க ஊர் அது. அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1906-07 வாக்கில் குடும்பம் கப்பலேறி மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் வந்து இறங்கியது. பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. தொப்பி கம்பெனி ஒன்றில் கொஞ்ச நாள் எடுபிடி வேலை. 1916-இல், பதினெட்டு வயதில், ஹெராயின் வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு ஆறு மாதம் உள்ளே இருந்தார்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1916. மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17. அதாவது நல்ல பையனாக இருந்தவனைச் சட்டம் கெடுத்த கதை இல்லை இது. சினிமாவில் வருகிற டான், "போதை மருந்து மட்டும் வேண்டாம்" என்று கண்ணியமாகத் தலையை ஆட்டுவார். நிஜ டான் தொழில் தொடங்கியதே போதை மருந்தில்தான். 1923-இல் மறுபடியும் அதே வழக்கில் மாட்டினார். அந்தத் தடவை சிறைக்குப் போகவில்லை. மல்பெரி தெருவில் ஒரு பெட்டி நிறைய போதை மருந்து இருக்கும் இடத்தை அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். 'வாய் திறக்காத வீரர்கள்' என்று ஸ்லைடு போடுகிறார்களே, அந்த வாய் திறந்த கதை இது. 1936-இல் நீதிமன்றக் கூண்டில் வைத்து இதைக் கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

சரி, மதுவிலக்குக்கு வருவோம். இந்தச் சட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. சாராயக்கடைகள் மேல் கோபப்படப் பெண்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. சம்பளம் வீட்டுக்கு வராமல் கடையிலேயே முடிந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் தோளில் ஏறிக்கொண்டவர்களில் பலருக்கு அயர்லாந்துக்காரன், ஜெர்மானியன், இத்தாலியன், யூதன் என்றாலே ஆகாது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியப் பெயர் கொண்ட பீர் ஆலைகளைத் துரோகிகளாக்குவது சுலபமாகிவிட்டது. 1920-களில் மதுவிலக்கைக் கறாராக அமல்படுத்தச் சொல்லிக் குதித்தவர்களில் கூ க்ளக்ஸ் கிளானும் உண்டு. அந்த வகையில் இது குடியேறிகளை ஒடுக்க நினைத்த சட்டமும்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குடியேறிகள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பாருங்கள். சட்டம் தடுத்தது தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து இவற்றைத்தான். வீட்டில் குடிப்பதை அல்ல. வீட்டு உபயோகத்துக்குப் பழரசம் செய்துகொள்ளலாம் என்று ஒரு சந்து இருந்தது. நடைமுறையில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 200 காலன், அதாவது 750 லிட்டருக்கும் மேல். கலிஃபோர்னியாவிலிருந்து ரயில் ரயிலாகத் திராட்சை கிழக்கே வந்தது. இத்தாலியக் குடும்பங்கள் அடித்தளத்தில் பீப்பாய் வைத்து, ஊரில் தாத்தா செய்தது போல ஒயின் செய்து சாப்பாட்டோடு குடித்தார்கள். யாரையும் சுடவில்லை. யாரிடமும் மாமூல் கேட்கவில்லை. முட்டாள் சட்டத்தை ஏழை மனிதர்கள் மௌனமாக ஏமாற்றியது இப்படித்தான். எனக்கு இவர்கள் மேல் மரியாதை உண்டு. இவர்களைப் பற்றி யாரும் செமினார் எடுப்பதில்லை.

லூசியானோ வகையறா செய்தது வேறு. சட்டம் ஒரே இரவில் நாட்டின் பெரிய தொழில் ஒன்றின் அத்தனை நேர்மையான போட்டியாளர்களையும் சந்தையிலிருந்து துரத்திவிட்டது. வாங்க ஆள் இருக்கிறது, விற்க ஆள் இல்லை. ஒப்பந்தம் மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது. அப்படி ஒரு சந்தையில் ஜெயிக்க என்ன திறமை வேண்டும்? நல்ல சரக்கு வேண்டாம், விளம்பரம் வேண்டாம், கணக்கு வழக்கு வேண்டாம். துப்பாக்கியும், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்கப் பணமும், மனசாட்சி இல்லாமையும் போதும். மூலதனம் போட்டுக் கற்றுக்கொடுக்க ஆர்னால்ட் ராத்ஸ்டீன் என்ற பெரிய சூதாடி இருந்தார் (1928-இல் அவரையும் சுட்டுவிட்டார்கள்). கென்மேர் தெருப் பக்கம் நடைபாதையிலேயே சரக்குச் சந்தை நடந்தது. கூப்பிடு தூரத்தில் நகரப் போலீஸ் தலைமையகம்! இந்தச் சூழலில் பணம் பண்ணியதை மேதைமை என்பது, தங்கத்தை வழித்தெடுக்கச் சொல்லி வாசலில் கொட்டிய வீட்டில் பெருக்கியவனை ரசவாதி என்பது போல.

"லூசியானோ ஆட்கள் ஒரிஜினல் ஸ்காட்ச் மட்டும்தான் விற்றார்கள், தரத்தில் சமரசம் இல்லை" என்று ஒரு ஸ்லைடு வரும். வைத்துக்கொள்வோம். ஒரிஜினல் ஸ்காட்ச் யாருக்கு? காசு உள்ளவனுக்கு. இல்லாதவனுக்கு வந்தது தொழிற்சாலை ஆல்கஹால். அதைக் குடிக்கக் கூடாது என்று அரசாங்கமே மெத்தனால் போன்ற நஞ்சைக் கலக்கவைத்தது. கும்பல்கள் அதை அரைகுறையாகச் சுத்தம் செய்து விற்றன. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் மருத்துவமனைகளில் ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். அதற்குப் பிறகும் 1927-இல் அரசு நஞ்சின் அளவைக் கூட்டத்தான் செய்தது. நகரத்தின் தலைமைப் பிரேதப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ் அரசையே பகிரங்கமாகச் சாடினார். நல்ல சரக்கு வாங்க வழியில்லாத ஏழைகள்தான் சாகிறார்கள் என்றார். கள்ளச்சாராயச் சாவு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்ததும் மெத்தனாலால்தான். அந்த வியாபாரிகளுக்கு யாரும் 'தொழில்முனைவோர்' பட்டம் கொடுக்கவில்லை. நூறு வருடமும் ஒரு கோட் சூட்டும் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் போல.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற 'நிறுவனச் சீரமைப்பு'. 1930-31-இல் நியூயார்க்கின் சிசிலியக் கும்பல்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டன. ஒரு பக்கம் ஜோ மாசேரியா, மறுபக்கம் சால்வத்தோரே மாரன்சானோ. லூசியானோ மாசேரியாவின் ஆள். 1931 ஏப்ரல் 15-ஆம் தேதி கோனி ஐலண்டில் ஓர் உணவகத்தில் வைத்து மாசேரியாவைச் சுட்டுக் கொன்றார்கள். முதலாளியைக் காட்டிக்கொடுத்தது லூசியானோதான் என்பது பொதுவான கருத்து. ஜெயித்த மாரன்சானோ கும்பல்களை ஐந்து குடும்பங்களாகப் பிரித்து, தன்னைத் தலைவர்களுக்கெல்லாம் தலைவர் என்று அறிவித்துக்கொண்டார். செப்டம்பர் 10-ஆம் தேதி அவரும் பார்க் அவென்யூ அலுவலகத்தில் முடிந்தார். அரசாங்க அதிகாரிகள் மாதிரி நடித்து உள்ளே போனவர்கள் கத்தியாலும் துப்பாக்கியாலும் கதையை முடித்தார்கள். ஐந்து மாதத்தில் இரண்டு முதலாளிகள் காலி.

இப்போது சொல்லுங்கள், எது லூசியானோவின் கண்டுபிடிப்பு? ஐந்து குடும்ப அமைப்பு மாரன்சானோ போட்டது. லூசியானோ செய்தது, தலைவர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பட்டத்தை விட்டுவிட்டு, பெரிய தலைகள் கூடி எல்லை பிரித்துக்கொள்ளும் ஒரு குழுவை வைத்தது. உன் ஏரியாவுக்கு நான் வரமாட்டேன், என் ஏரியாவுக்கு நீ வராதே. நாம் பொருளாதாரப் பாடத்தில் இரண்டாம் செமஸ்டரில் படித்த கார்ட்டெல் இது. ஆடம் ஸ்மித் காலத்திலேயே வியாபாரிகள் செய்த வேலை. இதே இரவில் நாடு முழுக்கப் பழைய தலைகள் நாற்பது, அறுபது என்று கொல்லப்பட்டதாக ஒரு பிரமாண்டக் கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் நகரம் நகரமாகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு படுகொலை நடக்கவே இல்லை. ஆனால் ஸ்லைடில் இன்னும் இருக்கிறது.

1933 டிசம்பர் 5-ஆம் தேதி மதுவிலக்கு முடிந்தது. உண்மையான பரீட்சை இங்கேதான். கனடாவில் சாமுவேல் பிரான்ஃப்மன் என்று ஒருவர். பெசராபியாவிலிருந்து போன யூதக் குடும்பம். அங்கே சட்டப்படி விஸ்கி காய்ச்சி, எல்லை தாண்டிக் கொண்டுபோக வந்தவர்களுக்கு விற்றார். மகாத்மா இல்லை. ஆனால் தடை நீங்கிய நாளில் அவரிடம் வடிசாலை இருந்தது, பதமாக ஊறிய சரக்கு இருந்தது, சீக்ராம் என்ற பெயர் இருந்தது. லூசியானோவிடம் என்ன இருந்தது? வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் 'சார்லஸ் ராஸ்' என்ற பொய்ப் பெயரில் ஒரு அறை. கீழே சூதாட்டம், வட்டி, மாமூல், விபச்சார வீடு. இவ்வளவுதான் அந்த 'நிறுவனம்'.

மாமூல் யாரிடம் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பார்க் அவென்யூ கோடீஸ்வரனிடம் இல்லை. இத்தாலியக் குடும்பங்கள் விரும்பிச் சாப்பிடும் ஆர்ட்டிசோக் என்ற காய் இருக்கிறது. தாமரை மொட்டு மாதிரி இருக்கும். லூசியானோவின் வட்டத்தைச் சேர்ந்த சீரோ டெரனோவா என்பவர் அந்தக் காய் வரத்தையே கையில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றினார். தன் ஊர்க்காரர்கள் சமையலில் கை வைத்த மகானுபாவர். 1935 டிசம்பரில் மேயர் லா கார்டியா மார்க்கெட்டுக்கே போய், எக்காளம் ஊதவைத்து, ஆர்ட்டிசோக் விற்பனைக்கே தடை போட்டார். சில நாளில் பிடி தளர்ந்தது, தடையை எடுத்துவிட்டார். தையல் தொழிலிலும் இதே கதை. 1911-இல் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். அந்தச் சாவுக்குப் பிறகு ரத்தம் சிந்தி வளர்த்த சங்கங்களுக்குள்தான் லூசியானோவின் கூட்டாளி லெப்கே புகால்ட்டர் அடியாட்களோடு நுழைந்து, முதலாளியிடமும் தொழிலாளியிடமும் சேர்த்துப் பிடுங்கினார்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, "பாவம், ஏழைக் குடியேறி, வேறு வழி என்ன இருந்தது?" என்பார்கள். எனக்கு அதிகமாகக் கோபம் வருவது இந்தக் கேள்வியில்தான். கேட்பவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அதே தெருவில் இருந்த மற்ற எல்லோரையும் அவமானப்படுத்துகிற கேள்வி இது. 1880 முதல் 1920 வரை நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டினார்கள், செங்கல் சுமந்தார்கள், முடி வெட்டினார்கள், தைத்தார்கள். 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் பதினொரு இத்தாலியர்களைக் கூட்டமாக வந்து கொன்றார்கள். அந்த வெறுப்பையும் சகித்துக்கொண்டு பிழைத்தார்கள்.

சொல்லப்போனால் அந்த டைம் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. லூசியானோவோடு அதில் இருந்த இன்னொருவர் ஏ.பி. ஜியானினி. இத்தாலியக் குடியேறிகளின் மகன். பெரிய வங்கிகள் வாசலில் நிற்கவிடாத ஏழைகளுக்காக 1904-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேங்க் ஆஃப் இத்தாலி தொடங்கினார். 1906 பூகம்பத்தில் நகரம் எரிந்து கிடந்தபோது, துறைமுகத்தில் பலகை போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார். பின்னாளில் அதுதான் பேங்க் ஆஃப் அமெரிக்கா. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட அந்த ஆசிரியர் குழுவுக்கு எப்படி மனது வந்ததோ.

ஜியானினி பணக்காரர் ஆனவர், விடுங்கள். ஜோ பெட்ரோசினோவைச் சொல்கிறேன். 1860-இல் இத்தாலியின் பதுலாவில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர். போலீசில் சேர்ந்து, இத்தாலிய ஏழைகளுக்கு மொட்டைக் கடிதம் போட்டு மிரட்டிப் பணம் பறித்த 'கறுப்புக் கை' கும்பல்களை ஒழிக்கத் தனிப்படைக்குத் தலைவரானார். லெஃப்டினன்ட் பதவி வரை உயர்ந்தார். 1909 மார்ச்சில் விசாரணைக்காகச் சிசிலி போன இடத்தில், பலெர்மோவில் சுட்டுக் கொன்றார்கள். நியூயார்க்கில் அவர் இறுதி ஊர்வலத்துக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். குடியேறிகள் தங்கள் நாயகன் யார் என்று அன்றைக்கே தெருவில் இறங்கிச் சொல்லிவிட்டார்கள். நாம்தான் நூறு வருடம் கழித்து வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்.

1924-இல் அமெரிக்கா புதிய குடிவரவுச் சட்டம் போட்டது. முன்பு சில வருடங்களில் இரண்டு லட்சத்தைத் தாண்டிய இத்தாலியர் வருகையை, வருடத்துக்கு நாலாயிரத்துக்கும் கீழே இறக்கியது. அதற்காக வாதாடியவர்கள் கையில் வைத்திருந்த படம் 'இத்தாலியன் என்றால் குற்றவாளி'. அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள்தான் இந்தக் கும்பல்காரர்கள். கதவு சாத்தியதில் அடிபட்டது யார் என்றால், ஊரில் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த அப்பாவி. (நமக்கும் இந்த நோய் உண்டு. மதுவிலக்கு இருந்த பம்பாய்க்குத் தூத்துக்குடியிலிருந்து போய், மூட்டை தூக்கி, கள்ளச்சாராயத்தில் வளர்ந்த வரதராஜ முதலியாரின் நிழலில்தான் 1987-இல் 'நாயகன்' வந்தது. படம் அருமை, சந்தேகமில்லை. ஆனால் தாராவியில் தோல் பதனிட்டும் இட்லி விற்றும் பிழைத்த தமிழர்களைப் பற்றி அந்த அளவுக்கு ஒரு படம் சொல்லுங்கள் பார்ப்போம்.)

அடுத்து 'தேசபக்தர்' கதை. 1936 முதல் லூசியானோ சிறையில் இருந்தார், காரணம் கீழே வருகிறது. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெரிய கப்பல் தீப்பிடித்துக் கவிழ்ந்தது. வெல்டிங் பொறியால் நேர்ந்த விபத்து. ஆனால் நாசவேலை பயத்தில் கடற்படை உளவுத்துறை துறைமுகத்தைக் கட்டுப்படுத்தும் கும்பல்களின் உதவியைத் தேடியது. மேயர் லான்ஸ்கி வழியாக லூசியானோவிடம் போனது. அவர் சிபாரிசு செய்தார், பதிலுக்கு வசதியான சிறைக்கு மாற்றினார்கள். இதுவரை உண்மை. இதற்கு மேல் சிசிலிப் படையெடுப்பையே லூசியானோ நடத்திக் கொடுத்தார், விமானத்திலிருந்து அவர் பெயரின் முதல் எழுத்துப் போட்ட மஞ்சள் துணி விழுந்தது, மாஃபியா தலைவர்கள் புரிந்துகொண்டு வழிவிட்டார்கள் என்று ஒரு கதை. விட்டலாச்சார்யா படத்தில்கூட இவ்வளவு வராது. ஒன்பது வயதில் ஊரை விட்டவர், ஏழு வருடமாகச் சிறையில் இருப்பவர், எந்தக் கடற்கரை வரைபடத்தைக் கொடுத்திருப்பார்? 1946-இல் தண்டனையைக் குறைத்து நாடு கடத்தினார்கள். நாடு கடத்த முடிந்ததற்குக் காரணம், அவர் அமெரிக்கக் குடியுரிமையே பெற்றிருக்கவில்லை. அமெரிக்கக் கனவின் அடையாளம் என்கிறீர்களே, அந்த ஆள்!

இந்தக் கதைகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி, 1975-இல் வந்த 'லக்கி லூசியானோவின் கடைசி வாக்குமூலம்' என்ற புத்தகத்திலிருந்து. மார்ட்டின் காஷ் என்ற சினிமாத் தயாரிப்பாளரிடம் லூசியானோவே சொன்னாராம். 1962 ஜனவரியில் நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் காஷைச் சந்திக்கப் போன இடத்தில்தான் லூசியானோ மாரடைப்பில் இறந்தார். புத்தகம் வரும் முன் காஷும் இறந்துவிட்டார். லூசியானோ குரலில் ஒலிநாடா ஒன்றுகூடக் கிடையாது. நியூயார்க் டைம்ஸ் அப்போதே இதன் நம்பகத்தன்மையைக் கிழித்துவிட்டது. ஆனாலும் 'லூசியானோ சொன்ன பொன்மொழிகள்' என்று மெயிலில் சுற்றுவதில் பாதி இதில் உள்ளதுதான்.

சரி, ஏன் சிறைக்குப் போனார்? செமினாரில் இந்த ஸ்லைடை வேகமாகத் தள்ளிவிடுவார்கள். கொலைக்காக இல்லை, சாராயத்துக்காக இல்லை. கட்டாய விபச்சாரம், 62 குற்றச்சாட்டுகள். 1936 ஜூனில் தீர்ப்பு. 30 முதல் 50 வருடம் வரை தண்டனை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மேலாண்மை என்றால் கணக்குத்தானே. அந்த வீடுகளில் ஒரு பெண் சம்பாதிப்பதில் பாதி வீடு நடத்துபவளுக்கு. இடம் பிடித்துக் கொடுக்கும் தரகருக்குப் பத்து சதவீதம். சாப்பாடு, தங்கல், டாக்டர் தனி. அதற்கு மேல் வாரம் பத்து டாலர் 'பாண்டிங்' என்ற பெயரில் கும்பலுக்கு; போலீஸ் பிடித்தால் ஜாமீன் எடுத்து, வக்கீல் வைத்து வெளியே கொண்டுவருவதற்காம். கட்ட மறுத்த வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். பல பெண்கள் போதைக்கு அடிமைகள். அந்தப் போதையை விற்பவர்களும் இதே வட்டம். கொடுத்த காசு ஒரு வட்டம் சுற்றித் திரும்பி வந்துவிடும். 1929-க்குப் பிந்தைய மந்தநிலைக் காலம். வேலையில்லாமல் இதில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பத்து டாலரில்தான் வால்டார்ஃப் அறையின் வாடகையில் ஒரு பங்கு.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அரசு வக்கீல் தாமஸ் டியூயி நடத்திய வழக்கு சுத்தமானதல்ல. 1936 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு ரெய்டில் பிடித்த பெண்களைச் சாட்சிகள் என்று அடைத்துவைத்து, தலைக்குப் பத்தாயிரம் டாலர் ஜாமீன் கேட்டார்கள். போதை கிடைக்காமல் துடித்த நிலையில் வாக்குமூலம் வாங்கினார்கள். மறு வருடமே முக்கிய சாட்சிகள் சிலர், சொன்னது பொய் என்று மனுப் போட்டார்கள்; நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லூசியானோ இந்தத் தொழிலைத் தினசரி நடத்தியவரா, இல்லை அவர் ஆட்கள் அவர் பெயரைச் சொல்லி நடத்தினார்களா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். அவரைக் காப்பாற்ற வருகிற வாதமே, "அவருக்குத் தெரியாது, அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் பயந்து காசு கொடுத்துவிடுவார்கள்" என்பதுதான். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் சொன்னது வேறென்ன?

டியூயி இந்த வழக்கை வைத்து ஆளுநர் ஆனார், இரண்டு தடவை ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஆனால் நூலைப் பிடித்தவர் அவர் இல்லை. யூனிஸ் கார்ட்டர் என்ற கறுப்பினப் பெண். 1899-இல் அட்லாண்டாவில் பிறந்தவர். 1906-இல் வெள்ளைக் கும்பல்கள் அங்கே கறுப்பர்களை வேட்டையாடிய கலவரத்துக்குப் பிறகு குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய லூசியானோ குடும்பம் கப்பலில் வந்து இறங்கிய அதே சமயம், அதே நகரம். சமூக சேவகியாக வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் சட்டம் படித்தார். டியூயி திரட்டிய இருபது வக்கீல்களில் ஒரே பெண், ஒரே கறுப்பர். ஆண் வக்கீல்களெல்லாம் பெரிய பெரிய மாமூல் வழக்குகளுக்குப் போக, பெண்கள் நீதிமன்றத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ள இவரிடம் விபச்சாரப் புகார்கள் வந்து குவிந்தன. அவர் ஒன்றைக் கவனித்தார். வெவ்வேறு பெண்கள், வெவ்வேறு வீடுகள், ஆனால் ஒரே வக்கீல், ஒரே ஜாமீன் தரகர், ஒரே மாதிரிக் கதை, எல்லோரும் விடுதலை. யாரோ ஒருவர் இதையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கிறார் என்று கணித்தார். டியூயி முதலில் ஆர்வம் காட்டவில்லை. விபச்சாரத்தைத் துரத்தும் வக்கீல் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். கார்ட்டர் விடவில்லை.

வழக்கு முடிந்த பிறகு நீதிபதி ஆக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. கிடைக்கவில்லை. 1970-இல் நியூயார்க்கில் இறந்தார். லூசியானோ செத்துப் பதின்மூன்று வருடத்தில் வாக்குமூலமே புத்தகமாகிவிட்டது. கார்ட்டரின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய பேரன் ஸ்டீஃபன் கார்ட்டர் உட்கார்ந்து எழுதினார். அது வெளிவந்தது 2018-இல்.